சீறாவை முழுதாக வாசித்தல்

மனிதனின் கவனம் தங்கமீனின் கவனத்தைவிடக் குறுகிவிட்டது என்னும் கூற்றை இக்காலத்தில் கேளாதவர் இலர். 2000ஆம் ஆண்டில் 12 விநாடியாக இருந்த கவனம் 8 விநாடியாகத் தேய்ந்துவிட்டது என்றும், தங்கமீனுக்கோ 9 விநாடி உண்டு என்றும் மேடைதோறும் சொல்லப்படுகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கனடா கிளை 2015இல் விளம்பரதாரர்களுக்காக வெளியிட்ட அறிக்கை ஒன்றின் வழியாகப் பரவிய கணக்கு இது. இதன் மூலத்தைத் தேடிச்சென்ற செய்தியாளர்களுக்கு ஆதாரமான ஆய்வு எதுவும் கிட்டவில்லை. கவனம் தேய்ந்துவிட்டது என்று வருந்தும் செய்தியே, கவனமாக வாசிக்கப்படாமல் உலகைச் சுற்றி வந்திருக்கிறது.

இதனினும் நம்பத்தக்க அளவீடு ஒன்று உண்டு. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த க்ளோரியா மார்க், கணினியில் பணிபுரிவோர் ஒரு திரையில் எவ்வளவு நேரம் தங்குகின்றனர் என்பதை ஆண்டுக்கணக்கில் அளந்து வந்தார். 2004இல் சராசரி இரண்டரை நிமிடம். 2012இல் 75 விநாடி. அதன்பின் ஏறத்தாழ 47 விநாடி என்று அவர் 2023இல் வெளிவந்த தம் நூலில் எழுதுகிறார். இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். இந்த எண் மனிதன் எவ்வளவு நேரம் கவனிக்க வல்லவன் என்பதைச் சொல்லவில்லை. திரையின்முன் அவன் எவ்வளவு நேரம் ஒன்றில் நிற்கிறான் என்பதையே சொல்கிறது. ஆற்றல் வேறு, பழக்கம் வேறு. பகலெல்லாம் திரைக்குத் திரை தாவும் அதே அலுவலர்தாம் ரமளான் இரவில் தராவீஹ் தொழுகையில் இமாமுக்குப் பின்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று திருமறையைச் செவிமடுக்கிறார். ஒரு மாதத்தில் முப்பது ஜுஸ்உகளையும் கேட்டு முடிக்கிறார். அந்த நிலையில் அவருடைய கவனத்தை எவரும் விநாடியில் அளந்ததில்லை.

ஆற்றல் அழியவில்லை என்பதற்கு வேறு அடையாளங்களும் தென்படுகின்றன. குறுமையை விற்றுப் பெரும்பொருள் ஈட்டியவர்களே இன்று நீளத்தின் பக்கம் நகர்ந்து வருகின்றனர். 140 எழுத்தில் உலகை அடக்குவோம் என்ற ட்விட்டர் 2017இல் அதனை 280 ஆக்கிற்று. 2023இல் எக்ஸ் என்று பெயர் மாறிய காலத்தில், கட்டணம் செலுத்துவோர் கட்டுரை அளவுக்கே எழுதலாம் என்றாயிற்று. 15 விநாடியில் தொடங்கிய டிக்டாக் 2022இல் பத்து நிமிடத்துக்கு இடம் தந்தது. தமிழிலோ, ஜெயமோகன் 2014 தொடங்கி 2020 வரை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக இணையத்தில் எழுதிய ‘வெண்முரசு’ 26 நாவல்களாக விரிந்தது. அதனை அன்றன்றே வாசித்துவந்த கூட்டம் ஒன்று இருந்தது. கைப்பேசித் திரையில்தான் வாசித்தனர் என்பது கருதத்தக்கது. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வந்த ‘பொன்னியின் செல்வன்’, 2022இலும் 2023இலும் திரைப்படமாக வந்தபோது, ஐந்து பாகங்களையும் கையில் எடுத்த இளைஞர்களை நாம் பேருந்துகளில் கண்டோம். நம் சமூகத்தின் அகவாழ்வை ஐந்நூறு பக்க அளவில் விரித்த சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வெளிவந்தது. இன்றும் அது பேசப்படுகிறது. நீளம் என்ற ஒன்றே வாசகரை விரட்டிவிடும் என்பது பதிப்பாளரின் அச்சம். வாசகரின் இயல்பு அதுவன்று.

ஆயினும் இந்த மறுமலர்ச்சியை அளவுக்கு மீறிக் கொண்டாடுவதற்கில்லை. மேலே குறித்தவை யாவும் கதைகள். கதை தானே நம்மை இழுத்துச் செல்லும்; அடுத்து என்ன என்ற ஆவலே அங்குப் பாதி வேலையைச் செய்துவிடும். அச்சில் வாசிப்பதையும் திரையில் வாசிப்பதையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளைத் தொகுத்து, 1,70,000க்கும் மேற்பட்டோரின் முடிவுகளை ஆராய்ந்த கட்டுரையொன்று 2018இல் வெளிவந்தது. செய்தியையும் கருத்தையும் சொல்லும் பனுவல்களை அச்சில் வாசித்தவர்களே நன்கு விளங்கிக்கொண்டனர். கதைகளில் மட்டும் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. அதாவது, கதை எந்த ஏனத்தில் ஊற்றினாலும் தன்னைக் காத்துக்கொள்கிறது. வாதமும் விளக்கமும் நிரம்பிய நெடிய எழுத்துத்தான் சிதறுகிறது. இன்று திரும்பி வந்திருப்பது நெடுங்கதை வாசிப்பு. நெடுநூல் வாசிப்பு இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறது.

இந்தக் கவலை நம் காலத்துக்கே உரியதன்று. இப்னு கல்தூன் (1332–1406) தம் ‘முகத்திமா’வின் ஆறாம் பகுதியில் அடுத்தடுத்து இரண்டு முறையீடுகளை வைக்கிறார். ஒரு துறையில் நூல்கள் மிகப் பெருகிவிட்டால் அதுவே கல்விக்குத் தடையாகும் என்பது முதலாவது. அதனை உடனடுத்து, சுருக்கநூல்கள் பெருகுவது கல்வியைக் கெடுக்கும் என்கிறார். முதற்கூற்றைக் கேட்டு, ‘அப்படியானால் சுருக்கிவிடலாமே’ என்று எண்ணும் மாணவனை அடுத்த பக்கத்திலேயே தடுத்து நிறுத்துவது போன்ற அமைப்பு அது. ஃபிக்ஹிலும் உசூலிலும் இப்னு ஹாஜிப், அரபு இலக்கணத்தில் இப்னு மாலிக், தர்க்கத்தில் கூனஜீ என்று தம் காலத்தில் பெரிதும் மதிக்கப்பட்டோரின் சுருக்கங்களையே பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறார். சொற்களை நெருக்கிப் பொருளைத் திணித்த சுருக்கத்தை அவிழ்ப்பதிலேயே மாணவனின் காலம் கழிகிறது. மனனம் எளிதாகும் என்று தொடங்கியது விளக்கத்தைக் கடினமாக்குவதில் முடிகிறது. அவர் காட்டும் முதன்மையான காரணம் இன்னும் ஆழமானது. ஒரு துறையில் ஊறித் திளைத்துப் பெறும் தேர்ச்சியை அவர் ‘மலகா’ என்கிறார். விரிந்த நூல்களில் ஒரே செய்தி பல கோணங்களில் திரும்பத் திரும்ப வருவதால்தான் அந்த மலகா முதிர்கிறது. சுருக்கநூலில் அத்திரும்புதல் இல்லை, ஆகவே அது தரும் மலகாவும் குறையுடையது. நாம் சலிப்பு என்று ஒதுக்கும் ஒன்றையே அவர் பயிற்சி என்கிறார்.

சுருக்கநூலுக்காவது ஒரு முறைமை உண்டு. முழுமையைக் கற்ற ஒருவர் பொறுப்போடு செய்த வேலை அது. இன்று நம் கைகளில் சுழல்வது துண்டு. காலைதோறும் அலைபேசியில் வந்து விழும் ஒற்றை ஹதீஸுக்கு முன்பின் இல்லை. அறிவிப்பாளர் தொடர் இல்லை. எந்தச் சூழலில், யார் கேட்ட கேள்விக்கு விடையாக அமைந்தது என்ற குறிப்பும் இல்லை. துண்டு எத்தகைய விபரீதத்தை விளைக்கும் என்பதற்கு நம் உஸ்தாதுகள் காலங்காலமாகச் சொல்லிவரும் எடுத்துக்காட்டு ‘அல்மாஊன்’ அத்தியாயம். அதன் 4ஆம் வசனத்தோடு நிறுத்திவிட்டால் தொழுபவரே கேட்டுக்குரியவர் என்று பொருள்பட்டுவிடும். அங்கே சொல்லப்படுவோர் தம் தொழுகையில் பராமுகமாக இருப்போர் என்பது 5ஆம் வசனத்தில்தான் தெளிவாகிறது. ஒரு வசன இடைவெளியில் பொருள் தலைகீழாகிறது என்றால், ஒரு நூல் அளவு இடைவெளியில் என்னவெல்லாம் ஆகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். காயல்பட்டினத்தில் ரஜப் மாதத்தில் புகாரி ஷரீஃபைத் தொடர்ந்து ஓதி விளக்கும் மஜ்லிஸின் அருமை இப்பின்னணியில்தான் புலப்படுகிறது. அங்கு ஒரு ஹதீஸ் தனக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றோடு சேர்ந்தே செவியில் விழுகிறது.

இனி நம் இலக்கியத்துக்கு வருவோம். இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் தலைநூல் எது என்று கேட்டால் சீறாப்புராணம் என்று சிறுவரும் விடையளிப்பர். அதில் 5,027 பாடல்கள் என்று எண்ணிக்கையும் சொல்வர். ஆனால் அந்நூல் பெரும்பாலோர் நினைவில் பாடநூல் தந்த அளவிலேயே நின்றுவிட்டது. மானுக்குப் பிணை நின்ற படலம், விடமீட்ட படலம் எனச் சில பகுதிகள், அவற்றிலும் சில பாடல்கள். திருச்சியில் 1973இல் முதல் உலக இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடியது முதல் இன்றுவரை வெளியான மலர்களையும் ஆய்வுக் கோவைகளையும் புரட்டிப் பார்ப்போர் ஒன்றைக் காண்பர்: உவமைச் சிறப்பு, வருணனைத் திறன் என்று தலைப்புகள் மாறினாலும் மேற்கோளாக வரும் பாடல்கள் பெரும்பாலும் பழகியவையே. ஒருவர் எடுத்ததை அடுத்தவர் எடுக்கிறார். நூலை நாடியவர் சிலரே என்பது நம் மதிப்பீடு. இக்குறை பேசப்படவேண்டியது. காரணம், முழுதாக வாசிக்கும்போது சீறா வேறொரு நூலாகிறது.

மான் படலத்தையே எடுத்துக்கொள்வோம். வேடன் வலையில் அகப்பட்ட பெண்மான், தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்ப அவகாசம் கேட்கிறது. அதற்காக நபிகள் நாயகம் (ஸல்) பிணை நிற்கிறார்கள். மான் தன் இனத்தைச் சேர்ந்து, தடுக்கும் சுற்றத்தை மறுத்து, சொன்ன சொல் தவறாமல் கன்றோடு திரும்புகிறது. வேடன் மனம் மாறுகிறான். பெண்மானுக்கும் பிணை என்றே தமிழில் பெயர் இருப்பதைச் சுவைஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். தனியே வாசித்தால் இது உயிரிரக்கக் கதை. வகுப்பறைக்கு ஏற்ற கதை. இதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் நூலில் இப்படலம் எங்கே நிற்கிறது? நுபுவ்வத்துக் காண்டத்தில், ஈமான் கொண்டவர்கள் ஹபஷா இராச்சியத்துக்குப் போந்த படலத்தை அடுத்து நிற்கிறது. சொந்த ஊரில் வாழவொட்டாமல் விரட்டப்பட்டோர், கடல் கடந்து, வேற்று மதத்து மன்னன் ஒருவனின் நீதியை நம்பி அடைக்கலம் புகுந்த கதையை வாசித்து முடித்த மனத்தோடு நாம் மானிடம் வருகிறோம். வலையில் கிடக்கும் அந்த மான் அப்போது வெறும் மானாகத் தெரிவதில்லை. பிரிந்த கன்றை எண்ணி அது கலங்கும்போது, மக்காவில் தம்மவரைப் பிரிந்து சென்றோரின் கலக்கமும் உடன் ஒலிக்கிறது.

சற்றுத் தள்ளி ஒப்பெழுதித் தீர்ந்த படலம் வருகிறது. ஹாஷிம் குலத்தாரோடு கொள்வினை கொடுப்பினை இல்லை, வாணிகம் இல்லை என்று குறைஷியர் எழுதிக் கஃபாவில் தொங்கவிட்ட ஒப்பந்தம் பற்றியது அது. மூன்றாண்டு பசியில் வாட்டிய அந்த எழுத்தைக் கரையான் அரித்தது என்பது சீறா வரலாற்றில் நாம் அறிந்ததே. இப்போது இரு படலங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். எழுத்தில்லாத, சாட்சியில்லாத, ஒரு விலங்கின் வாய்ச்சொல் நிலைத்து நிற்கிறது. ஊர்ப் பெரியோர் கூடி எழுதி முத்திரையிட்ட உடன்படிக்கை மண்ணாகிறது. சொல் என்பது எதனால் உறுதி பெறுகிறது என்ற கேள்வியை உமறுப்புலவர் எங்கும் வெளிப்படையாக எழுப்பவில்லை. படலங்களை நிறுத்திய வரிசையால் எழுப்பிவிடுகிறார். மான் படலத்தை மட்டும் அறுத்து எடுத்தவருக்கு அந்தக் கேள்வி காதில் விழ வழியில்லை.

இன்னோர் எடுத்துக்காட்டு, பலர் குறையாகச் சொல்லும் நாட்டுப் படலம். அரபு நாட்டை மருத நிலமாக்கி, மேகம் பொழிந்து, வெள்ளம் பெருகி, உழவர் நெல் விளைவிக்கும் கழனிகளாகப் புலவர் பாடியிருப்பது வரலாற்றுக்கு ஒவ்வாது, காப்பிய மரபுக்காகச் செய்த சமரசம் என்பர். காப்பியம் நாட்டு வளத்தோடு தொடங்கவேண்டும் என்ற மரபு இருந்தது உண்மையே. கம்பனில் தோய்ந்தவர் உமறு என்பதும் உண்மையே. ஆனால் இந்த விமர்சனத்தைச் சொல்வோர் முதல் சில படலங்களோடு நூலை மூடியவர்களோ என்ற ஐயம் நமக்குண்டு. அதே விலாதத்துக் காண்டத்தில், ஷாம் நாட்டு வாணிகப் பயணத்தின்போது, சுரத்திற் புனலழைத்த படலம் வருகிறது. நீர் அற்ற பாலையில், வழி தப்பிய வணிகக் கூட்டம் நாவறண்டு தவிக்கும் இடம். உமறு பாலையை அறியாதவர் அல்லர். எட்டயபுரத்துக் கரிசலில் வாழ்ந்தவருக்குத் தண்ணீரின் அருமையை எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. முதலில் கண்ணுக்கும் செவிக்கும் வெள்ளத்தை நிறைத்துவிட்டு, பல நூறு பாடல்கள் கழித்துச் சுரத்தில் கொண்டுபோய் நிறுத்தும்போது, அந்தத் தாகம் வாசிப்பவருக்கும் ஏற்படுகிறது. நாட்டுப் படலத்தைத் தாண்டிக் குதித்து நேரே கதைக்கு வந்தவருக்குச் சுரம் ஒரு செய்தி மட்டுமே.

நீளம் எல்லாம் நிறையாகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சீறாவின் மூன்று காண்டங்களுள் விலாதத்துக்கு 1,240 பாடல், நுபுவ்வத்துக்கு 1,104, ஹிஜ்ரத்துக்கு 2,683. நூலின் பாதிக்குமேல் கடைசிக் காண்டம். அதில் போர்ப் படலங்கள் மிகுதி. பத்று, உகுது போன்ற பெரும்போர்களில் உள்ள விறுவிறுப்பு சிறு படையெடுப்புகளைப் பாடும்போது இல்லை. வாளும் வேலும் குதிரையும் குருதியும் முன்பு கண்ட கோலத்திலேயே திரும்பி வருகின்றன. இப்னு கல்தூன் சொன்ன பயன்தரும் திரும்புதல் இதுவன்று. மரபு கையைப் பிடித்து எழுதிய இடங்கள் இவை. முழுதாக வாசித்தவர்தாம் இந்தக் குறையையும் துணிந்து சொல்ல முடியும். துண்டு வாசிப்பு புகழ்ச்சியை மட்டுமே விளைக்கும். நம் மேடைகளில் சீறாவைப் பற்றி விமர்சனம் அரிதாகவும் போற்றுரை மிகுதியாகவும் இருப்பதற்கு அது ஒரு காரணம்.

இவ்வளவு பெரிய நூலை முன்னோர் எவ்வாறு வாசித்தனர்? தனியறையில், மௌனமாக அன்று. இரவுகளில் கூடியிருந்து, ஒருவர் இராகத்தோடு பாட, மற்றொருவர் பொருள் விரிக்க, மாதக்கணக்கில் தொடரும் சபைகள் நம் ஊர்களில் இருந்தன. எழுத்தறியாதவரும் அங்கே நெடுநூல் வாசகரே. கேட்பவர் களைத்தால் இராகம் தாங்கிப்பிடிக்கும். பொருள் புரியாவிட்டால் விரிவுரை கைகொடுக்கும். எழுந்து போக நினைத்தால் பக்கத்தில் இருப்பவர் முகம் நிறுத்தும். கவனம் என்பது தனி மனிதனின் மனவுறுதியால் மட்டும் நிற்பதாகப் பேசும் இன்றைய நூல்கள் இந்த ஏற்பாட்டைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. அத்துடன், நெடியது மட்டுமே மேலானது என்ற இறுமாப்பும் அவர்களிடம் இல்லை. முனாஜாத்து, மாலை, கிஸ்ஸா, மசலா என்று சிறியனவும் இடைப்பட்டனவும் அதே வீடுகளில் ஓதப்பட்டன. குறியது வாயிற்படியாக இருந்தது, மாளிகையாக எண்ணப்படவில்லை.

இதே மரபில் வந்தவர் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர். 1907இல் சென்னையில் சதாவதானம் செய்து காட்டியவர் என்றே பலரும் அவரை அறிவர். அவதானம் என்ற சொல்லுக்கே கவனம் என்பது பொருள். ஒரே அமர்வில் நூறு பக்கம் சிதறும் கவனத்தைச் சிதறாமல் காத்தல் என்பதால், இன்றைய பல்பணி வித்தைக்கு அவரை முன்னோடியாகக் காட்டுவாரும் உண்டு. அவர் சீறாப்புராணத்துக்கு உரை கண்டவர் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஐயாயிரம் பாடல்களைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் எழுதிய பொறுமைதான் அடித்தளம். நூறு கேள்விகளை ஒருசேர ஏந்தும் வித்தை அதன்மேல் எழுந்தது. அடித்தளம் இன்றி மேல்மாடியை மட்டும் நாடுவது நம் காலத்தின் வழக்கம்.

இன்று ஒருவர் சீறாவைத் தொடங்க விரும்பினால் இடர்ப்பாடு சந்தியில் இருக்கிறது. காலமின்மை அதற்கு அடுத்ததே. பழைய பதிப்புகளில் சீர்கள் புணர்ந்தே அச்சாகியிருப்பதால் பயிற்சியில்லாத கண் முதற்பாடலிலேயே இடறுகிறது. சந்தி பிரித்து, அரபுச் சொற்களின் தமிழ் வடிவங்களுக்குக் குறிப்பெழுதி, ஒவ்வொரு படலத்தின் தலைப்பிலும் முன்கதையும் இடமும் நான்கு வரியில் தந்து, கையில் பிடிக்கத்தக்க அளவில் பல தொகுதிகளாக வெளியிட்டால் போதும். சுருக்கப் பதிப்பு வேண்டியதில்லை. நாளுக்குப் பத்துப் பாடல் என்று கொண்டால் 503 நாள்கள். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. பத்துப் பாடலுக்கு உரையோடு அரை மணி நேரம் செல்லும். வெண்முரசு வாசகர்கள் ஆறாண்டுக்கு மேல் அவ்வாறு நாள்தோறும் வாசித்திருக்கின்றனர்.

1842இல் சேகு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிச் சீறாவை அச்சேற்றும் முன்னரே, கையெழுத்துப் படிகளின் வழியே இந்நூலுக்கு வாசகர் இருந்தனர். அவர்கள் 5,027 பாடல்களையும் கேட்டு முடித்தபோது, நபிகளாரின் (ஸல்) வாழ்வு இறுதிவரை பாடப்படவில்லை என்பதை உணர்ந்தனர். எஞ்சிய பகுதியையும் செய்யுளிலேயே கேட்க விழைந்த அந்தத் தலைமுறைகளுக்காகப் பனீ அகுமது மரைக்காயர் பாடியதுதான் ‘சின்னச் சீறா’.